லயல் பென்கெல்லியின் பக்கக் கண்ணாடி

ஆர்கன் கட்டைகளின் மேல் வெந்நீர்ப் பையைக் குப்புறப் போட்டு, இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டிருக்கிறார் லயல் பென்கெல்லி. பார்த்தால் துணிக்கு இஸ்திரி போடுகிறவர் மாதிரியே இருக்கும். ஆஸ்திரேலியாவில், எங்கள் பல்லாரட்டில், ஜூலை மாதக் குளிர்காலக் காலையில் அந்தக் கட்டைகளை வெறும் விரலால் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இது கிறுக்குத்தனம் இல்லை என்று. பை ஒரு சுற்று போய்வந்ததும் அதைத் தூக்கி என் மடியில் போடுவார்.

"பிடி தெல்மா. சூடு இருக்கிற வரைக்கும் அனுபவி. அப்புறம் குளிருதுன்னு சொல்லி சுருதியைக் கெடுக்காதே."

புனித பைரன் ஆலயத்தின் மாடியில் பாடுகிற நாலைந்து பேரில் நானும் ஒருத்தி. அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. அந்த நாற்காலிக்காக நான் யாரிடமும் சண்டை போட்டதில்லை. மற்றவர்கள் அவர் பக்கத்தில் உட்கார விரும்புவதில்லை, அவ்வளவுதான். பூசை நடக்கும்போது ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். சாம்பிராணிப் புகை மேலே வந்தால், "ஆகா, இன்னைக்குக் கரி நல்லாப் புடிச்சிருக்கு" என்பார். பிரசங்கம் நீண்டால் ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றுவார். எனக்கு இந்த முணுமுணுப்பு பிடிக்கும். சும்மா இருக்கிற மனிதர்களை விட எதையாவது உளறுகிற மனிதர்களிடம்தான் சங்கதி கிடைக்கும் என்பது என் அனுபவம்.

வாரம் முழுக்க அவருக்குப் புல் வெட்டும் இயந்திரங்களோடு வேலை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதில் ஊரில் இருக்கிற அத்தனை பேருடைய இயந்திரங்களும் மல்லாந்து கிடக்கும். யார் எதைக் கொண்டுவந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "பெட்ரோல் இருக்கான்னு பாத்தியா?" பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் மணல் கலந்த சோப்பைப் போட்டு முழங்கை வரை தேய்ப்பார். அப்படியும் நகக்கண்ணில் கருப்பு போகாது. அந்தக் கருப்பு விரல்களோடுதான் ஞாயிற்றுக்கிழமை வெள்ளை அங்கி போட்டு உட்காருவார். ஆர்கனுக்குக் காலால் மிதித்து வாசிக்கிற கட்டைகளும் உண்டு, அதற்கு ஷூ போட மாட்டார். ஊர்க் கால்பந்துக் கிளப்பின் கோடு போட்ட கம்பளிக் காலுறை மட்டும். "தோல் போட்டா கால்கட்டை எங்க இருக்குன்னு காலுக்குத் தெரியாது. கம்பளி போட்டா தெரியும்." காலுறையில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை இருக்கும். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், தைத்துக்கொள்கிற ஜாதி இல்லை அவர்.

பலிபீடத்துக்கு முதுகைக் காட்டித்தான் ஆர்கன் வாசிக்க வேண்டும். கீழே என்ன நடக்கிறது என்று பார்க்க, நொறுங்கிப்போன ஒரு டிரக்கின் பக்கக் கண்ணாடியைக் கழற்றி ஆர்கன் பெட்டியில் திருகி வைத்திருக்கிறார். மனிதருக்கு உலகமே அந்தக் கண்ணாடிக்குள்தான். ஃபாதர் எப்போது கையை உயர்த்துகிறார், தூபக்காரன் எப்போது திரும்புகிறான், எல்லாம் அதில் தெரியும்.

நற்கருணை வழங்குகிற நேரம் வந்ததும் முணுமுணுப்பு நின்றுவிடும். எதிரே ஒரு தாளும் இருக்காது. அன்று காலையில் பாடிய கீதத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொள்வார். எந்தக் குழாய்கள் பேச வேண்டும் என்று தீர்மானிக்கிற ஸ்டாப் குமிழ்களில், மெல்லிய குழல் சத்தம் தருகிற ஒன்றை மட்டும் இழுத்துவிட்டு, அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஜனங்கள் வரிசையாக நடந்துபோய், பலிபீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதியில் முழந்தாளிட்டு, ஃபாதர் கையால் அப்பத்தையும் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் திராட்சை ரசத்தையும் வாங்கிக்கொண்டு திரும்பும்வரை வாசிப்பு நீளும். அதற்கப்புறம் ஃபாதர் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து மூடுவார். அவர் கிண்ணத்தை மூடுகிற அதே நேரத்தில் கடைசிச் சுரமும் அடங்க வேண்டும். முந்தினால் ஃபாதர் துடைக்கிற சத்தம் கோயில் முழுக்கக் கேட்கும். பிந்தினால் ஃபாதர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். லயல் முந்தியதும் இல்லை, பிந்தியதும் இல்லை.

"எப்படிக் கணக்குப் பண்றீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"கணக்கு என்ன கணக்கு? மண்டையைப் பாத்துத்தான். அந்த வழுக்கை முட்டி போட்டா எழுந்திருக்கவே நேரமாகும், அவருக்கு ஒரு சுத்து ஜாஸ்தி வாசிக்கணும். அந்தப் பச்சைத் தொப்பி ஓடிப்போய் ஓடிவருவா, அவளுக்கு ஒண்ணும் வேண்டாம்."

இப்படி எல்லாரையும் கிராதிக்கு அனுப்பித் திருப்பிக் கூட்டிவருகிற மனிதர், தான் மட்டும் கீழே இறங்குவதில்லை. பாடுகிற நாங்கள் முதலிலேயே போய் வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். அவர் போவதில்லை. ஃபாதர் பேசில் புதிதாக வந்த சமயம், "நான் மாடிக்கே கொண்டுவந்து தரட்டுமா?" என்று அன்பாகக் கேட்டார். "வேண்டாம் ஃபாதர், உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று லயல் சொல்லிவிட்டார். தூபமும் மணியும் முழந்தாளும் இல்லாமல் மூச்சு விடத் தெரியாத கூட்டம் எங்களுடையது. அதில் ஆர்கன் வாசிக்கிறவர் வருஷக்கணக்காக நற்கருணை எடுக்காமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வருமா? துருவ ஆரம்பித்தேன்.

விஷயம் அவருடைய அக்கா. நோலா பென்கெல்லி. கல்யாணம் செய்துகொள்ளாதவர். சலவைக் கடை நடத்தி ஓய்ந்தவர். பலிபீடத் துணிகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, மடித்து வைப்பது அவர் பொறுப்பு. எந்த வாரம் எந்த நிறம், எப்போது பூ வைக்கலாம், எப்போது கூடாது என்பதில் அந்த அம்மாவை அசைக்க முடியாது. பூசையில் கிண்ணத்தைப் பிடித்து ஜனங்களுக்குக் கொடுப்பவரும் அவர்தான். ஃபாதர் அப்பத்தைக் கொடுத்துக்கொண்டே போவார், நோலா அக்கா பின்னாலேயே கிண்ணத்தோடு வருவார்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் எங்கள் ஆலயத்தில் ஆர்கன் தனியாக வாசிக்கக் கூடாது. பாட்டுக்குத் துணையாக மட்டும் வாசிக்கலாம். நற்கருணை நேரத்தில் சுத்தமான மௌனம். செருப்புச் சத்தமும் இருமலும்தான். நடுவில் நாலாவது ஞாயிறு ஒன்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அன்றைக்குப் பூ வைக்கலாம், ஆர்கனும் வாசிக்கலாம். லயல் அந்த ஒரு ஞாயிறுக்காகக் காத்துக் கிடப்பார். சண்டை வந்த வருஷம் தவக்காலத்தின் முதல் ஞாயிறு அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். போகாத ஞாயிறை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அதனால் ஐந்தாவது ஞாயிறை நாலாவது என்று நினைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஐந்தாவது ஞாயிறு சிலுவைகளையும் சொரூபங்களையும் ஊதாத் துணியால் மூடிவிடுவது வழக்கம். கண்ணாடியில் ஊதா மூட்டைகளைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, 'அக்காவுக்கு அவசரம், ஒரு வாரம் முந்தியே மூடிட்டா' என்று நினைத்துக்கொண்டு, நற்கருணை நேரத்தில் அத்தனை ஸ்டாப்பையும் இழுத்துவிட்டு வாசித்தார்.

நோலா அக்கா கிண்ணத்தைப் பலிபீடத்தில் வைத்தார். திரையை விலக்கிப் பின்னறைக்குப் போனார். ஆர்கனுக்குக் காற்று தள்ளுகிற மோட்டாரின் சுவிட்ச் அங்கேதான் சுவரில் இருக்கிறது. அதை அணைத்தார். காற்று இறங்க இறங்க ஆர்கன் மாடு கத்துவது போல முனகி, சுருதி சரிந்து, அடங்கிப்போனது. நோலா அக்கா திரும்பி வந்து, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கொடுக்க ஆரம்பித்தார். கீழே யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் லயலுக்கு ஆறாத புண்.

அதற்கப்புறம் இருவருக்கும் பேச்சு இல்லை. ஒரே தெருவில், நாலு வீடு தள்ளித்தான் குடியிருப்பு. நோலா அக்காவின் புல் வெட்டும் இயந்திரம் கெட்டால், உருட்டிக்கொண்டு வந்து இவர் கேட்டில் சாத்திவிட்டுப் போவார். இவர் சரிசெய்து, பிளேடு தீட்டி, பெட்ரோலும் நிரப்பி அந்த அம்மா கேட்டில் சாத்துவார். மறுநாள் இவர் கேட்டுத் தூணில் ஒரு பாட்டில் ஆப்ரிகாட் ஜாம் இருக்கும். இவ்வளவும் ஒரு வார்த்தை இல்லாமல் நடக்கும்.

"ஜாமைத் திங்கிறீங்க, பேசினா என்ன குறைஞ்சா போகும்?" என்று கேட்டேன்.

"ஜாம் வேற, இது வேற."

"சரி, பேச வேண்டாம். கீழே போய் வாங்கிக்கலாமே? ஃபாதர்தானே அப்பம் குடுக்கிறார்."

லயல் கண்ணாடியைத் துணியால் துடைத்தபடியே சொன்னார்: "கிண்ணம் அவ கையில இருக்கு. பக்கத்துல இருக்கிறவங்களோட சமாதானமா இருக்கிறவங்க மட்டும் வாங்கன்னு படிச்சுட்டுத்தானே கூப்பிடறாங்க? நான் சமாதானமா இல்லை. மனசுல இத்தனையை வெச்சுக்கிட்டுப் போய் முட்டி போட்டா அது நாடகம், தெல்மா."

அந்தப் பதிலைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை நேர்மை ஒரு மனிதனுக்கு எதற்கு? நாங்கள் எல்லாரும் யாரையாவது மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் கிராதிக்குப் போகிறோம். பச்சைத் தொப்பியைப் பற்றி நான் நினைக்காததா?

நோலா அக்காவிடமும் கேட்டுப் பார்த்தேன். பூசை முடிந்து டீ குடிக்கும்போது, தேங்காய்ப்பூவில் புரட்டிய லாமிங்டன் கேக்கைக் கடித்துக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன் வேலையைப் பாருடி. வாய்ல தேங்காப்பூ ஒட்டியிருக்கு, தொடை" என்றார். அத்தோடு சரி.

போன கோடையிலிருந்து நோலா அக்காவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டீக்கோப்பையில் தெரிந்தது, பிறகு கிண்ணத்தில். வெள்ளிக் கிண்ணத்தின் விளிம்பு முழந்தாளிட்டிருப்பவர்களின் பல்லில் டக்டக்கென்று தட்டும். ஒருத்தர் முன் நின்று, நிதானித்து, சாய்த்து, துடைத்து, அடுத்தவரிடம் நகர முன்னைவிட நேரம் எடுத்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. எங்கள் ஜனங்கள் இந்த மாதிரி விஷயத்தில் நல்லவர்கள்.

அதே சமயத்தில் லயலின் வாசிப்பிலும் ஒரு மாற்றம். நற்கருணை நேரத்துக்கு எப்போதும் அந்த ஒற்றை மெல்லிய ஸ்டாப்தானே? இப்போது கூடவே இன்னொன்றை இழுத்தார், பிறகு மூன்றாவது. எனக்கு எரிச்சலாக இருந்தது. கண்ணை மூடி உட்காரலாம் என்றால் காதுக்குள் வந்து வாசிக்கிற மாதிரி இருக்கிறது.

"ஏன் இப்பல்லாம் இவ்வளவு சத்தம்?"

"குழாயில ஈரம் ஏறிடுச்சு. ஒண்ணு மட்டும் இழுத்தா பேச மாட்டேங்குது" என்றார்.

பொய். அன்றைக்கே நான் கவனித்தேன். ஃபாதர் முதல் சிலருக்கு அப்பம் கொடுக்கும்போது ஒற்றை ஸ்டாப்தான் பேசிக்கொண்டிருந்தது. நன்றாகவே பேசியது. கண்ணாடிக்குள் நோலா அக்கா கிண்ணத்தோடு முதல் ஆளிடம் குனிந்ததும், லயலின் இடது கை போய் மற்ற இரண்டையும் இழுத்தது. கிண்ணம் பல்லில் தட்டுகிற சத்தம் கோயிலுக்குக் கேட்கக் கூடாது. அதற்காகத்தான் இந்தச் சத்தம். கண் கண்ணாடியை விட்டு நகரவில்லை. அக்கா ஒருத்தரிடம் தாமதித்தால் இவரும் அதே சுரத்தில் தாமதித்தார். அவர் நகர்ந்தால் இவரும் நகர்ந்தார். மண்டைகளைப் பார்த்து வாசித்த மனிதர் இப்போது ஒரே ஒருத்தியைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். அடுத்த கீதத்தில் நான் பாடவே இல்லை.

பிறகு ஒரு ஞாயிறு கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டு கம்பளத்தில் விழுந்தது. எங்கள் ஆலயத்தில் அது சின்ன விஷயம் இல்லை, அந்த ரசத்தைக் கிறிஸ்துவின் இரத்தம் என்றே மதிக்கிறவர்கள் நாங்கள். ஃபாதர் பேசில் உடனே மண்டியிட்டு, ஈரத் துணியால் ஒற்றி, அந்த இடத்தில் வெள்ளைத் துணியை விரித்து மூடினார். நோலா அக்கா சுவர் போல வெளுத்துப்போய் நின்றார். டீ நேரத்தில் அவரே ஃபாதரிடம் போய்ச் சொன்னார், "வர்ற ஞாயிறோட நான் கிண்ணத்தைக் கீழே வெச்சிடறேன். வேற யாரையாவது பாருங்க." ஃபாதர் சமாதானம் சொல்லிப் பார்த்தார். நோலா அக்கா கேட்கவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்காது. பின்னறைக்குப் போனேன். அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"அக்கா, நீங்க திட்டினாலும் சரி, சொல்லிட்டுத்தான் போவேன். இத்தனை மாசமா உங்க கை தட்டுற சத்தம் யாருக்கும் கேக்கல. ஏன்னு தெரியுமா? உங்க தம்பி மேலே இருந்து அமுக்கிட்டு இருக்கார். நீங்க முதல் ஆள்கிட்ட குனிஞ்சதும் ஸ்டாப்பை இழுக்கிறார், கடைசி ஆள் போனதும் தள்ளுறார். நான் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருக்கேன்."

நோலா அக்கா துணியை நாலாக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"அவன் கீழே வரவே மாட்டானா?" என்று கேட்டார். கேட்டது என்னிடமா என்று கூடத் தெரியவில்லை.

"சமாதானமா இல்லாம வர மாட்டாராம். நாடகம் ஆடத் தெரியாதாம்."

"அப்பா மாதிரியே பிடிவாதம். கதவைச் சாத்திட்டுப் போ. குளிர்க்காத்து வருது."

அடுத்த ஞாயிறு, நோலா அக்கா கிண்ணம் பிடிக்கிற கடைசி ஞாயிறு. ஏரிப்பக்கமிருந்து மூடுபனி வந்து ஜன்னலெல்லாம் வெளுத்திருந்தது. லயல் வெந்நீர்ப் பையை என் மடியில் போட மறந்துவிட்டார். கட்டைகளின் மேலேயே கிடந்தது, நான்தான் எடுத்தேன். பூசை முழுக்க ஒரு முணுமுணுப்பும் இல்லை. நாங்கள் கீழே போய் வாங்கிக்கொண்டு மாடிக்குத் திரும்பினோம். இன்றைக்காவது இந்த மனிதர் இறங்குவாரா என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண் கண்ணாடியில். மூன்று ஸ்டாப்பும் திறந்திருந்தன. வழுக்கைத்தலை கடைசி ஆள். அவர் கிராதியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தன் இடத்துக்குத் திரும்பினார். முடிந்தது. இனி ஃபாதர் கிண்ணத்தைக் கழுவ வேண்டியதுதான் பாக்கி. லயல் இரண்டு ஸ்டாப்பைத் தள்ளினார்.

அப்போது கண்ணாடிக்குள் நோலா அக்காவைக் காணோம்.

ஃபாதர் பலிபீடத்தில் திரும்பி, கையை நீட்டினார். கிண்ணத்தை வாங்க நீட்டிய கை வெறுமனே நின்றது. சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் புரியாத பாவம். திரை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பின்னறைக்குப் போகிற திரை.

"சுவிட்சுக்குப் போறா" என்றார் லயல், உதடு அசையாமல்.

"இருக்காது, நீங்க வாசிங்க" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் நம்பிக்கை இல்லை. பின்னறைக்கு வேறு எதற்குப் போவார்கள்? லயல் வாசித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் தோள்கள் இரண்டும் காதுவரை உயர்ந்திருந்தன, எந்த நிமிஷமும் காற்று நின்றுவிடும் என்று எதிர்பார்க்கிற தோள்கள். காற்று நிற்கவில்லை. மெல்லிய குழல் சத்தத்துக்கு அடியில் வேறு ஒரு சத்தம் கேட்டது. பின்னறையிலிருந்து மாடிக்கு ஏறுகிற சுழல்படியில் யாரோ ஒவ்வொரு படியாக, நின்று நின்று ஏறிவந்தார்கள்.

கதவு திறந்தது. நோலா அக்கா கிண்ணத்தை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். அதன் மேல் வெள்ளைத் துணி. மூச்சு வாங்கியது. நான் எழுந்து பிடிக்கப் போனேன். கண்ணாலேயே என்னை உட்கார வைத்துவிட்டார். லயல் திரும்பவில்லை. விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அன்னைக்கு நான் காத்தை நிறுத்தியிருக்கக் கூடாது" என்றார் நோலா அக்கா அவர் முதுகைப் பார்த்து. "எல்லாரும் பாக்க உன்னை அவமானப்படுத்திட்டேன். தப்பு."

லயல் இரண்டு மூன்று சுரங்கள் வாசித்தார்.

"அது அஞ்சாவது ஞாயிறுதான்க்கா. நான்தான் எண்ணத் தெரியாம வாசிச்சுட்டேன்."

"எனக்கு அப்பவே தெரியும்டா."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். லயலின் தோள் குலுங்கியது. சிரிப்பா வேறு ஏதாவதா, தெரியவில்லை. நோலா அக்கா பெஞ்சின் பக்கத்தில் வந்து நின்று துணியை எடுத்தார். கிண்ணம் நடுங்கியது. லயல் கட்டைகளிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டார். இடது கால் மட்டும் கீழ்க்கோடியில் ஒரு கால்கட்டையை அழுத்திக்கொண்டு நின்றது. பாட்டு போய்விட்டது. அடியில் ஒரே ஒரு கனத்த சுரம் கோயில் முழுக்க நின்று ஒலித்தது. கீழே சில தலைகள் திரும்பி மேலே பார்த்தன.

"கிறிஸ்துவின் இரத்தம்" என்றார் அக்கா.

"ஆமென்" என்றார் தம்பி. அக்காவின் கைகளின் மேல் தன் கருப்பு நகங்களை வைத்துப் பிடித்துக்கொண்டார். விளிம்பு அவர் பல்லில் தட்டிய சத்தம் எனக்குக் கேட்டது.

"எல்லாத்தையும் குடிச்சிடு" என்றார் நோலா அக்கா மெதுவாக. "மிச்சம் வெச்சா இறங்கும்போது படியில சிந்திடுவேன்."

லயல் அண்ணாந்து குடித்து முடித்தார். துணியை அக்கா கையிலிருந்து வாங்கி விளிம்பைத் துடைத்துக் கொடுத்தார். கண்ணாடிக்குள் ஃபாதர் பேசில் கைகளைக் கட்டிக்கொண்டு, மாடியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். நோலா அக்கா திரும்பினார். கதவைப் பார்த்தார், படியை நினைத்துப் பயந்த மாதிரி இருந்தது. லயல் அந்தக் கால்கட்டையை விடாமல், பெஞ்சின் இடது ஓரத்துக்கு நகர்ந்து, வலது பக்கம் அக்காவுக்கு இடம் விட்டார்.